லேகியம் காய்ச்சாத வீடு

கல்யாணமான புதிதில் என் கணவருக்கு என்மேல் இருந்ததைவிடக் கருங்குரங்கின் மேல்தான் பிரியம் அதிகம் என்று நான் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வேன். அவர் மறுக்கவே மாட்டார். "கேட்டியா, அதுகள் கேள்வி கேக்கறதில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு பைனாகுலரைத் துடைக்கப் போய்விடுவார்.

எழுபதுகளின் நடுவில் நடந்த கதை இது. அவர் விலங்கியல் ஆராய்ச்சி மாணவர். உடும்பஞ்சோலைக்குப் பக்கத்துக் காட்டில் ஒரு கருங்குரங்குக் கூட்டம் எந்தெந்த இலையைத் தின்கிறது, எந்த மரத்தில் தூங்குகிறது, குட்டியை எந்தப் பெண்குரங்கு வைத்துக்கொள்கிறது என்றெல்லாம் பார்த்து எழுதுவது அவர் வேலை. நான் சமூகப்பணி படித்தவள். மலைத்தோட்டங்களில் ஊனமுற்றவர்களுக்கு யாரிடமிருந்து என்ன உதவி கிடைக்கிறது என்பது என் ஆராய்ச்சி. இந்தத் தலைப்பை எடுத்ததில் பாதி அக்கறை. மீதிப் பாதி, புருஷனோடு ஒரே ஊரில் இருக்கலாம் என்ற ஆசை. பாலக்காட்டில் என் அப்பா இரண்டையும் கேட்டுவிட்டு, "ஒருத்தன் குரங்குக்குப் பின்னால, ஒருத்தி நடக்க முடியாதவாளுக்குப் பின்னால. நன்னாருக்கு குடித்தனம்!" என்றார். சொல்லிவிட்டு ஒரு டின் நிறைய சுண்டைக்காய்க் கொண்டாட்டம் கட்டிக் கொடுத்தார். எங்கள் பக்கத்தில் வற்றலுக்கு அதுதான் பெயர்.

ஓர் ஏலத்தோட்டத்தில் பழைய ரைட்டர் இருந்த வீட்டை எங்களுக்குக் கொடுத்தார்கள். சரிவில் கொஞ்சம் கீழே தொழிலாளர்களின் வரிசை வீடுகள், லயம். கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் மலையேறி வந்து தங்கிவிட்ட குடும்பங்கள். நாங்கள் யார், எதற்கு வந்திருக்கிறோம் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒளிவுமறைவில்லாமல் சொன்னோம். அவர் கருங்குரங்கைப் பார்க்க வந்திருக்கிறார்; நான் நடக்க முடியாதவர்களைப் பார்க்க வந்திருக்கிறேன்.

எங்கள் பேராசிரியர்களுக்கே புரியாத தொடர்பு அந்த லயத்துக்கு ஒரே நாளில் புரிந்துவிட்டது. இழுப்புக்கும் வாதத்துக்கும் சூம்பிய காலுக்கும் கருங்குரங்கு லேகியத்தை விஞ்சிய மருந்தில்லை என்பது அந்த மலையில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். ஐயா குரங்கைப் பிடிப்பார், அம்மா கால் வராதவர்களைக் கண்டுபிடிப்பாள், இரண்டு பேரும் சேர்ந்து லேகியம் காய்ச்சுவார்கள். இதைவிடப் பொருத்தமான தம்பதி உண்டா?

முக்கில் டீக்கடை வைத்திருந்த மலையாளி, "சாரே, ரசாயனம் ஆயோ?" என்று தினமும் கேட்பார், லேகியம் ஆயிற்றா என்ற அர்த்தத்தில். இவர் மரம் மட்டையெல்லாம் உதாரணம் காட்டி, குரங்கு காட்டுக்கு எவ்வளவு வேண்டியது என்று விளக்குவார். கடைக்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "மனசிலாயி, மனசிலாயி. நான் யாரோடும் சொல்லல்ல" என்பார். புதிதாக வந்திருந்த சட்டம் குரங்கைத் தொட்டால் ஜெயில் என்று சொன்னதால், நாங்கள் மறுக்க மறுக்க எங்கள் லேகியத்துக்கு மவுசு ஏறியது. இல்லை என்று சொன்னதெல்லாம் சாமர்த்தியம் என்று ஆகிவிட்டது.

போதாக்குறைக்கு, பார்க்கிறவர்களுக்கு அத்தாட்சியும் எங்கள் வீட்டிலேயே இருந்தது. குரங்கு என்ன தின்றது என்று தெரிய என் கணவர் அதன் விட்டையைப் பொறுக்கி வந்து காயவைப்பார். மழைக்காலத்தில் வெயிலுக்கு எங்கே போவது? என் அடுப்படிதான் கதி. ஒரு முறத்தில் அப்பா கொடுத்த கொண்டாட்டம், பக்கத்து முறத்தில் குரங்கு விட்டை. காய்ந்ததும் அதைப் பொட்டலம் பொட்டலமாகக் கட்டி அடுப்புக்கு மேலே இருந்த பலகையில் வைப்பார். மடி ஆசாரம் பார்த்த வீட்டில் பிறந்தவள் நான். "கேட்டேளா, ஒரு நாள் ரெண்டையும் மாத்தி வறுத்துப் போட்டுடுவேன்" என்று பயமுறுத்துவேன். "ருசி சொல்றேன், போடு" என்பார் கல்லுளிமங்கன்.

என் ஆராய்ச்சிக்காக நான் முதலில் உட்கார்ந்து பேசியது எங்களுக்கு விறகு கொண்டுவந்து போடும் ஓர் அம்மாளிடமும் அவள் மகளிடமும்தான். மகளுக்கு இருபது வயதிருக்கும். சின்ன வயதில் வந்த இளம்பிள்ளை வாதம் இரண்டு கால்களையும் கொண்டுபோய்விட்டது. தாய் தினமும் அவளை உப்புமூட்டையாக முதுகில் ஏற்றி, வழுக்கும் ஏற்றத்தில் காய் ஸ்டோர் வரைக்கும் சுமந்துபோய் இறக்குவாள். அங்கே அவள் மற்றப் பெண்களோடு உட்கார்ந்து உலர்ந்த ஏலக்காயைப் பெரிது சிறிதாகப் பிரிப்பாள். கை ஓடுவதைப் போல வாயும் ஓடும். மேஸ்திரி நடப்பதுபோல உட்கார்ந்த இடத்திலேயே நடித்துக் காட்டி ஸ்டோரையே சிரிக்கவைப்பாள். எனக்கு அவளைப் பார்த்த அன்றே பிடித்துப்போனது.

தாயிடம் என் கேள்விகளைக் கேட்டேன். நோட்டும் பேனாவுமாகத் திரிந்த எனக்கு லயத்தில் டீச்சரம்மா என்று பெயர் விழுந்திருந்தது. இவளைத் தூக்க வேறு யாராவது உதவுகிறார்களா என்றதும் முகம் சுண்டிவிட்டது.

"எம்புள்ள என்ன ஊருக்குப் பொதுச் சொமையா? பெத்தவ நான் இருக்கேன்ல."

"இல்லை, ஒரு நாள் உங்களுக்கு முடியலைன்னா..."

"அதத்தான் நானும் ராப்பகலா நெனைக்கேன், டீச்சரம்மா." கோபம் இறங்கிவிட்டது. "இடுப்பு முன்ன மாதிரி இல்ல. எனக்கப்பறம் இவள ஆரு தூக்குவா? அதுக்குள்ள இவ ரெண்டு எட்டு நடந்துட்டா போதும். நீங்க மனசு வச்சா நடக்கும்."

மனசு வைப்பதென்றால் எதைச் சொல்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. லேகியம் என்று ஒன்று எங்களிடம் இல்லை, அது யாரையும் நடக்கவைக்காது என்று அன்றைக்கே சொன்னேன். அவள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். எழுந்து போகும்போது, "ஒரு குரங்க அடிச்சுக் கொண்டாரச் சொல்லவா? நம்ம ஆளு ஒருத்தன்கிட்ட நாட்டுத் துப்பாக்கி இருக்கு" என்றாள். உள்ளேயிருந்து என் கணவர் பாதிச் சவரத்தோடு ஓடிவந்து கையெடுத்துக் கும்பிட்டார். அவர் அப்படிக் கும்பிட்டு நான் கோயிலில்கூடப் பார்த்ததில்லை. "சரி, வேண்டாம், பதறாதீக" என்று அவள்தான் அவரைத் தேற்றிவிட்டுப் போனாள்.

அதற்கப்புறம் அவள் துப்பாக்கியைப் பற்றிப் பேசவில்லை. மனம் மாறிவிட்டாள் என்று நினைத்து நாங்கள் மகிழ்ந்தோம். அந்த மழைக்காலம் முழுக்க அவரது பொட்டலங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டு வந்தன. எலி என்றார். குரங்கு விட்டையைத் தின்கிற எலி என்ன எலியோ என்று நான் கேலி செய்தேன். இரண்டு பேரும் படித்தவர்கள். ஒருவருக்கும் வேறு எதுவும் தோன்றவில்லை.

மழை ஓய்ந்து வெயில் வந்தது. அவர் விட்டை காயவைக்கும் வேலையைக் காட்டோரத்துப் பாறைக்கு மாற்றிக்கொண்டார். என் அடுப்படி சுத்தமானது. அப்படி ஒரு காலைநேரத்தில்தான் அந்த அம்மாள், மகளை முதுகில் சுமந்தபடி, ஸ்டோருக்குப் போகிற வழியில் எங்கள் வாசலில் வந்து நின்றாள். மகளைப் படியில் இறக்கி உட்காரவைத்துவிட்டு, என் முன்னால் கையைப் பிசைந்தாள்.

"டீச்சரம்மா, வையாதீக. கேட்டா தரமாட்டீகன்னு நானே எடுத்துட்டேன். விறகு போட வரையில ஒண்ணு ஒண்ணா எடுத்தேன். இப்பத் தீந்துபோச்சு. பாதியில நிறுத்தினா பலிக்காதும்பாக. இன்னும் கொஞ்சம் குடுத்தீகன்னா புண்ணியமாப் போகும்."

"எதை எடுத்தேள்?"

"அடுப்புக்கு மேல இருந்த மருந்துப் பொட்டலத்தத்தான். தெனமும் காலையில தேன்ல கொழச்சுக் குடுத்தேன்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது, எதுவுமே சரியாக வெளியே வரவில்லை. "ஐயோ, அது மருந்தில்லை, அது குரங்கோட விட்டையாக்கும்!" என்று போட்டு உடைத்துவிட்டேன். இன்னும் கொஞ்சம் பதவிசாகச் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் குரங்கு விட்டையை எப்படிப் பதவிசாகச் சொல்வது?

அந்த அம்மாள் படியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "நாசமாப் போச்சே, எம்புள்ளைக்கு என்னத்தக் குடுத்தேன்" என்று நெஞ்சில் அறைந்துகொண்டாள். மகள் எட்டி அந்தக் கையைப் பிடித்தாள்.

"விடும்மா. எனக்கு ஒண்ணும் ஆகல. அது என்னான்னு எனக்கு மொத நாளே தெரியும்."

"தெரியுமா?"

"வாசம் தெரியாதா? காட்டுக்குள்ள வெறகு பெறக்கையில என்னைய மரத்தடியில உக்கார வச்சுட்டுப் போவேல்ல? மேல இருந்து என் தலையில போடாத குரங்கா?"

"தெரிஞ்சா ஏண்டி தின்ன, பாவி?"

ஸ்டோரையே சிரிக்கவைக்கிற அந்தப் பெண்ணின் முகத்தைச் சிரிப்பில்லாமல் நான் பார்த்தது அப்போதுதான்.

"முன்னால எல்லாம் ஏத்தம் ஏறையில நீ அழுதுக்கிட்டேதான் ஏறுவ. சத்தம் வராது. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிருவ. உன் முதுகு குலுங்குறது எனக்குத் தெரியாதாம்மா? மருந்து ஆரம்பிச்ச பெறகுதான் நீ அழுகாம என்னையத் தூக்குன."

அந்த அம்மாள் மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே என் கணவர் தன் குரங்குப் புராணத்தை எல்லாம் மறந்து கதவோரத்தில் நின்றிருந்தார். பிறகு அந்த அம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். வழக்கம்போல மகளுக்கு முதுகைக் காட்டிக் குனிந்தாள். குனிந்தவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டு, என் பக்கம் திரும்பினாள்.

"டீச்சரம்மா, இவளச் செத்த வாங்கிக்கிறீகளா?"

கைக்குழந்தையை அடுத்தவளிடம் நீட்டுகிற தாய் சொல்கிற சொல் அது. எங்கள் ஊரிலும் அப்படித்தான் சொல்வார்கள். நான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு குனிந்தேன். மகள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். கனமாகத்தான் இருந்தாள். பாதி ஏற்றத்திலேயே எனக்கு மூச்சு வாங்கியது. "விழுந்துராதீகக்கா, உங்களுக்கும் சேத்து லேகியம் தேடணும்" என்றாள். சிரித்துக்கொண்டே நான் திரும்பிப் பார்த்தேன். பின்னால் வெறுங்கையோடு வந்துகொண்டிருந்த அந்த அம்மாள் வாய்விட்டு அழுதுகொண்டிருந்தாள்.

நான் நின்றேன். முதுகிலிருந்தவள் என் தோளைத் தட்டினாள்.

"நீங்க நடங்கக்கா. அழுகட்டும். இன்னைக்கு நான் அவ முதுகுல இல்லைல."