சகலையின் படகை விற்றுக் கொடுத்தேன்

பாதியாக அறுத்த நீலப் பீப்பாய்க்குள் படகு இன்ஜினின் அடிப்பாகம் முங்கியிருக்கும். பீப்பாய் நிறைய நல்ல தண்ணீர். இன்ஜின் அதை உறிஞ்சி, பக்கத்திலிருக்கும் சிறு துளை வழியாக நூல்போல வெளியே பீச்சும். அந்த நீரை விரலில் ஏந்தி நாக்கில் வைத்துப் பார்ப்பார் என் சகலை. கரித்தால் இன்னும் ஓடவிடுவார். கரிப்பு முழுக்கப் போன பிறகுதான் நிறுத்துவார். ஆறு வருடம், படகு ஓடிய ஒவ்வொரு நாளும் மாலையில் இது நடந்தது. மரக்காணத்தில் எங்கள் பக்கம் எங்கே தோண்டினாலும் உப்புநீர்தான். அவர் தெருக்கோடிக் குழாயிலிருந்து தள்ளுவண்டியில் குடம் குடமாகக் கொண்டுவருவார். "மனுசனுக்கே குடிக்க இல்ல, மெஷினுக்குக் குளியல் கேக்குதா?" என்று கரையில் வலை பிரிப்பவர்கள் கேலி செய்வார்கள். "நமக்கு உப்பு ருசிடா, இதுக்கு எமன்" என்பார். ஒருநாள் என்னையும் கூப்பிட்டார். "நீங்களும் நாக்குல வெச்சுப் பாத்துச் சொல்லுங்கண்ணா." வைத்துப் பார்த்தேன். கரிக்கவில்லை. சொன்னேன்.

அவர் என் மனைவியின் தங்கை கணவர். என்னைவிடப் பத்து வயது இளையவர். நான் முப்பத்து மூன்று வருடம் கணக்கு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். அவர் எட்டாவது தாண்டாதவர். உப்பளத்தில் கூலியாகத் தொடங்கி, சீட்டுப் பிடித்து, ஒரு சுற்றுலா விடுதிக்காரர் விற்ற ஃபைபர் படகை வாங்கிப் புது இன்ஜின் பூட்டி, கழிமுகத்தில் வெளியூர்க்காரர்களை ஏற்றிச் சுற்றிக் காட்டிப் பிழைத்தவர். எனக்கு அவர்மேல் பொறாமை. இதைச் சுற்றிவளைத்துச் சொல்ல எனக்கு இனி வயதில்லை. அவரிடம் இருந்த பணத்தின் மேல் அல்ல. என் ஓய்வூதியம் அவர் வருமானத்தைவிட அதிகம்தான். அவர் வந்து நின்றால் எங்கள் வீட்டில் எல்லோர் குரலும் ஒரு படி உயரும். நான் உள்ளே வந்தால் தாழும்.

ஒரு காணும் பொங்கலன்று எங்கள் இரண்டு குடும்பத்தையும் படகில் ஏற்றிக்கொண்டு முகத்துவாரம் வரை போனார். எனக்கு வெயில் ஆகாது என்று குடையை விரித்து நடுவில் உட்கார்ந்திருந்தேன். "அண்ணா, கொடைய மடக்குங்க. காத்துல உங்கள இலங்கையில கொண்டுபோய் எறக்கிடப் போவுது!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவி சிரித்த சிரிப்புதான் எனக்கு மறக்கவில்லை. முகமெல்லாம் உப்புத் திவலை, அவிழ்ந்த கூந்தல், கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அப்படி ஒரு முகம் அவளுக்கு இருப்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அந்த முகத்தை வரவழைத்தவர் இன்னொருவர்.

இரண்டு வருடங்களுக்கு முன் ஆடி மாதத்தில் சகலைக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்தது, பேச்சு குழறியது. இனிப் படகு ஓட்ட முடியாது. அதை விற்று, அந்தப் பணத்தில் உப்புப் பாத்தி குத்தகைக்கு எடுக்க நினைத்தார். வரப்பில் உட்கார்ந்தபடி ஆள் வைத்து வேலை வாங்கலாம். ஐப்பசி மழைக்குள் விற்றால்தான் தையில் தொடங்கும் பருவத்துக்குப் பாத்தி கைக்கு வரும். இல்லாவிட்டால் அவர் மனைவி மறுபடியும் உப்பு சுமக்கப் போக வேண்டும். கல்யாணமான புதிதில் உப்பு தின்ற அவள் பாதங்களைப் பார்த்து, 'இனிமே நீ அளத்துல கால வெக்கக் கூடாது' என்று சொல்லிக் கூட்டி வந்தவர் அவர். அந்த வார்த்தை அவருக்குப் பெரிது. "நீங்க படிச்சவரு. வெலையும் நீங்களே போடுங்க, வெளம்பரமும் நீங்களே எழுதுங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். இடது கையால்.

நான் அந்த வேலையை நேர்மையாகத்தான் தொடங்கினேன். புதுச்சேரிக்குப் பேருந்து ஏறிப் போய்ப் படகு இன்ஜின் பழுது பார்க்கும் ஒருவரைக் கண்டு விசாரித்தேன். அவர் கையில் கிரீசோடு சொன்னார்: "படகுக்கு வெல கம்மி சார், இன்ஜினுக்குத்தான் வெல. உப்புத் தண்ணில ஓடுன இன்ஜின்னா ரெண்டே கேள்வி. எத்தினி வருசம் ஓடுச்சு? நல்ல தண்ணில கழுவுனாங்களா? கழுவலன்னா ரெண்டு லட்சம். டெய்லி கழுவுனதுன்னா நாலு கேளுங்க, தருவான்." வீடு திரும்பி ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதிக் கூட்டிக் கழித்தேன். நான்கு லட்சம் நியாயமான விலை என்று பட்டது.

விளம்பரம் எழுத உட்கார்ந்தபோது இரண்டு குடும்பமும் கூடிவிட்டது. "ராணி மாரி ஓடும்னு எழுதுங்கண்ணா" என்றார் சகலை, குழறலாக. "ராணி எங்க தம்பி ஓடுவா? அவ உக்காந்துக்கினு இருப்பா" என்றாள் என் மனைவி. மறுபடியும் அந்தச் சிரிப்பு. நான் சிரிக்காமல் எழுதினேன்: எட்டுப் பேர் அமரலாம், நாற்பது குதிரைத்திறன், ஆறு வருடம் ஒரே கையில் ஓடியது, தினமும் நல்ல தண்ணீரில் கழுவிய இன்ஜின், விலை நான்கு லட்சம். கொழுந்தியாள் படகைத் துடைத்து வைக்க, காலை வெயிலில் நான்கு படம் எடுத்தேன். பழைய பொருட்கள் விற்கும் இணையதளத்தில் போட்டோம். அவர் பேசுவது பிறருக்கு விளங்காது என்பதால் என் கைப்பேசி எண்ணைக் கொடுத்தோம்.

நிறைய அழைப்பு வந்தது. பாதிப் பேர் வம்புக்கு. "ஓட்டிப் பாக்க ஒரு வாரம் குடுப்பீங்களா?" என்று ஒருவன் கேட்டான். புரட்டாசி நடுவில் ஒரு முற்பகல், என் மனைவி நான் எடுத்த படங்களில் ஒன்றைத் தன் கைப்பேசி முகப்பில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "வித்துட்டா அப்புறம் பாக்க முடியாதில்ல. இதுல போன மாரி நான் வேற எங்கயும் போனதில்லங்க" என்றாள். நாற்பது வருடமாக அவளைக் காஞ்சிபுரம், திருப்பதி, ஊட்டி என்று கூட்டிப் போனவன் நான். அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். என் கைப்பேசி ஒலித்தது.

கீழ்புத்துப்பட்டிலிருந்து ஒருவர். நிதானமான குரல். நான் யார் என்று கேட்டார், சொன்னேன். "நல்லதா போச்சு சார். எனக்கும் இதான் தொழிலு. நாலு குடுக்கலாம், பேரமே வாணாம். ஆனா கழுவுன இன்ஜின்னு எல்லாருந்தான் போடுறான். நீங்க வாத்தியாரு. கழுவுனத உங்க கண்ணால பாத்தீங்களா? பாத்தேன்னு சொல்லுங்க, நாளைக்கே பணத்தோட வர்றேன்."

என் நாக்கு அந்த நீரின் சுவையை அறியும். ஆனாலும் சொன்னேன்: "நான் பார்த்ததில்லைங்க. அவர் சொன்னதைத்தான் எழுதினேன்."

"உண்மைய சொன்னதுக்கு நன்றி சார்" என்று வைத்துவிட்டார். அதைக் கேட்டு எனக்கு உள்ளே ஒரு குளிர்ச்சி ஓடியது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். படகை அழிக்க வேண்டும், அவரை ஏழையாக்க வேண்டும் என்றெல்லாம் நான் திட்டமிடவில்லை. அவர் ஒரு தடவை தோற்பதைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் நினைத்தேன். மறுநாளே திரும்பக் கூப்பிட்டு மாற்றிச் சொல்லிவிடலாம் என்றும் நினைத்தேன். நாள் தள்ளிக்கொண்டே போனது. அந்த எண் இன்றும் என் கைப்பேசியில் இருக்கிறது.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. கார்த்திகையில் ஒரு வியாபாரி இரண்டு லட்சத்துக்கு இன்ஜினைக் கழற்றி எடுத்துப் போனார். வெறும் படகைக் கரையில் விட்டுவிட்டார். பாத்தி வேறொருவருக்குப் போனது. மாசியில் நான் வானூர் தாலுகா அலுவலகத்துக்குப் போகப் பேருந்துக்கு நின்றிருந்தபோது, சாலையோரம் உப்புக் குவியலுக்கு வரிசையாகக் கூடை சுமந்துபோன பெண்களில் கொழுந்தியாளும் இருந்தாள். ஐம்பத்தாறு வயது. தலையில் கூடையோடு கழுத்தைத் திருப்ப முடியாமல், உடம்பு முழுவதையும் என் பக்கம் திருப்பி, "மாமா, வெயில்ல நிக்காதீங்க, நெழலுக்குப் போங்க" என்றாள்.

போன மாதம் கிளியனூரில் ஒரு கல்யாணப் பந்தியில் சகலைக்குப் பக்கத்து இலையில் கீழ்புத்துப்பட்டுக்காரர் உட்கார நேர்ந்திருக்கிறது. படகுப் பேச்சு வந்திருக்கிறது. மறுநாள் சகலை கோலூன்றி எங்கள் வீட்டுக்கு வந்தார். என் மனைவி காபி வைத்துவிட்டு உள்ளே போகும்வரை காத்திருந்தார். பிறகு மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்துக் கேட்டார்.

"அண்ணா, அந்த ஆளு போன்ல கேட்டாராமே. கழுவுனத பாத்தீங்களான்னு."

"கேட்டார்."

என் முகத்தையே பார்த்தார். அப்புறம் அவரே சொன்னார்: "உங்களுக்கு மறந்து போயிருக்கும். வயசாவுதில்ல."

"ஆமாம்பா. மறந்துதான் போயிருக்கும்" என்றேன்.

தலையை ஆட்டினார். காபியைக் குடித்தார். வாசலில் என் மனைவியிடம் ஏதோ சொல்லிச் சிரிக்க வைத்துவிட்டுப் போனார். அவருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தேதான் எனக்கு அந்த வார்த்தையை எடுத்துக் கொடுத்தார். கணக்கில் தப்புச் செய்த பிள்ளைக்கு நான்கூட அப்படி ஒரு வழி விட்டதில்லை. அந்த இடத்திலும் எனக்குப் பொறாமைதான் வந்தது.

அவருக்குப் படிக்கும் பழக்கமில்லை. எந்தக் கடிதம் வந்தாலும் என்னிடம்தான் கொண்டுவந்து கொடுப்பார். நாளைக் காலை இந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு நான் அவர் வீட்டுக்குப் போகிறேன். கொழுந்தியாள் வேலைக்குப் புறப்படும் முன்னால், அவளும் கேட்கும்படி வாசித்துவிட வேண்டும். என் மனைவியையும் உடன் வரச் சொல்லியிருக்கிறேன். எதற்கு என்று கேட்டாள், வா என்று மட்டும் சொன்னேன். அவர்கள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வேன். வாசித்து முடித்ததும் சகலை மட்டும் 'விடுங்கண்ணா' என்று சிரித்துவிடக் கூடாது.