இடி விழுந்த கோபுரச் சீட்டை எடுத்தவர்கள்

எதிர்காலம் சொல்லுகிற தொழிலில் கெட்ட சேதி சொன்னால் வாடிக்கையாளர் திரும்பி வரமாட்டார், நல்ல சேதி சொன்னால் நம்பமாட்டார். வாயை வைத்துப் பிழைக்கும் இன்சூரன்ஸ் ஏஜெண்டுகளே, கல்யாணத் தரகர்களே, இந்த அவஸ்தையை உங்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை.

திருத்தணியில் மலைக்குப் போகும் சாலையில் பார்லர் வைத்திருக்கிறேன். முகூர்த்த நாளில் மணப்பெண் அலங்காரம், மற்ற நாளில் திரைக்குப் பின்னால் டாரட் என்கிற படச்சீட்டில் குறி. அலங்காரம் கற்றுக்கொண்டது சென்னையில், சீட்டு கற்றுக்கொண்டது செல்போனில். அந்தச் சீட்டுக்கட்டில் ஒரு சீட்டு மட்டும் என் பிழைப்பில் மண்ணைப் போடவென்றே வந்தது. உயரமான கோபுரம், உச்சியில் இடி, ஜன்னலெல்லாம் தீ, இரண்டு பேர் தலைகீழாக விழுகிறார்கள்.

அதற்கு அர்த்தம் திடீர் மாற்றம். எதை நம்பி நிம்மதியாக உட்கார்ந்திருந்தோமோ அது சொல்லாமல் கொள்ளாமல் சரியும், சரிந்த பிறகுதான் உண்மை கண்ணுக்குத் தெரியும். சாவு, சாபம் என்றெல்லாம் இல்லை. ஆனால் இதை நான் சொல்லி முடிப்பதற்குள் எதிரே இருப்பவர் முகத்தில் ஈயாடாது. அதுவும் கோயில் ஊரில் உட்கார்ந்துகொண்டு கோபுரம் இடிகிற படத்தை நீட்டினால் சும்மா விடுவார்களா?

முதலில் மேலே போய்ப் பார்க்கவேண்டும்

கனகம்மாசத்திரம் பஸ் ஸ்டாப்பில் பஞ்சர் கடை வைத்திருப்பவர் ஒருவர், மொட்டை போட்டுச் சந்தனம் பூசிய தலையோடு மலையிலிருந்து இறங்கி நேராக என்னிடம் வந்தார். கடையை வேறு இடத்துக்கு மாற்றலாமா என்று கேள்வி. எடுத்தது கோபுரம். மனிதர் எழுந்து நின்று, "முருகா, முருகா" என்று இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார். இது வெளிநாட்டுக் கோபுரம், நம்ம சாமி கோபுரம் இல்லை என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். காதில் வாங்காமல் வெளியே போனவர், இறங்கி வந்த மலையில் மறுபடி ஏறிவிட்டார்.

போனது போனதுதான் என்று நான் கடையைப் பெருக்க ஆரம்பித்தபோது வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்தார். எனக்கும் விபூதி கொண்டுவந்திருந்தார். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து சொன்னார்: "கோபுரம் நல்லாத்தாம்மா கீது. இப்ப என் கதயச் சொல்லு, எது இடிஞ்சாலும் பரவால்ல."

அரக்கோணத்து யோசனை

அரக்கோணத்தில் என் சிநேகிதி ஒருத்தி இதே தொழில் செய்கிறாள். அவள் அந்தச் சீட்டைக் கட்டிலிருந்தே எடுத்துவிட்டாள். நானும் கொஞ்ச நாள் எடுத்து மேஜை டிராயரில் போட்டுப் பார்த்தேன். வருகிற எல்லாருக்கும் எல்லாமே நல்லதாக வந்தது. எனக்கே சலித்துப்போய்த் திரும்பச் சேர்த்துவிட்டேன். அவளுக்கு அது பிடிக்கவில்லை. "பொரியல்ல மொளகா வந்தா ஒதுக்கி வெக்கறதில்லியா, அதான் இதுவும். இவ்ளோ நேர்மைய வெச்சிக்கினு நாம இன்னா ஜட்ஜாவா ஆவப்போறோம்?"

மேக்கப் பார்க்க வந்த மோகனா

மோகனா திருவாலங்காட்டுப் பெண். அப்பா கரும்பு பயிரிடுகிறவர். இவள் திருவள்ளூரில் ரத்தப் பரிசோதனை லேபில் வேலை செய்கிறாள். மாப்பிள்ளை மணவூரில் இருக்கும் அத்தை மகன், இவள் பாவா என்று கூப்பிடுகிறவர். மலைமேல் தாலி கட்டிவிட்டு, கீழே மண்டபத்தில் விருந்து. பத்திரிகை கொடுத்தாகிவிட்டது. முன்கூட்டியே மேக்கப் போட்டுப் பார்க்க வந்தவள், கண்ணாடியைப் பார்த்தவுடன் அழ ஆரம்பித்தாள். நான் போட்ட மை கன்னம் வரை இறங்கிவிட்டது.

"பாவா ரொம்ப நல்லவருக்கா. ஒண்ணா வெளையாடி வளந்தோம். புருசனா நெனச்சிப் பாக்க முடில" என்றாள். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. ஏனென்றால் அவள் அப்பா தாயில்லாப் பிள்ளை. அக்காதான் இடுப்பில் தூக்கி வளர்த்தார். அந்த அக்காவின் மகனை இவள் வேண்டாம் என்றால், அக்கா தம்பி உறவு அன்றோடு சரி. எங்கள் பக்கத்தில் சம்பந்தம் முறிந்தால் வாசற்படி மிதிக்கமாட்டார்கள், சாவுக்குக்கூட யோசித்துத்தான் வருவார்கள். திரைக்குப் பின்னால் இருந்த சீட்டுக்கட்டைப் பார்த்து, ஒரு சீட்டு எடுக்கட்டுமா என்றாள். எடுத்தது அதே சனியன். எவ்வளவு பதமாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு பதமாக அர்த்தம் சொன்னேன். தன்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை அந்தப் பெண். படத்தில் விரலை வைத்துச் சொன்னாள்: "இதுல விழறவங்க ரெண்டு பேரும் யாருன்னு தெரியுதுக்கா. ஒண்ணு எங்க நைனா, இன்னொண்ணு எங்க அத்த."

பரிகாரம் பண்ணிவிடுவாரே

அவள் அழுகையைப் பார்க்கத் தாங்காமல் ஒரு வழி சொன்னேன். "நீ சொல்லவேண்டாம். சீட்டில் வந்திருக்கிறது என்று சொல். அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா, நானே சொல்லுகிறேன்." எங்கள் தொழிலில் இது சகஜம். வாய்விட்டுச் சொல்லத் தைரியமில்லாதவர்களுக்காகத் திட்டு வாங்கத்தானே நாங்கள் இருக்கிறோம். மோகனா பஞ்சை நனைத்துக் கன்னத்து மையை நிதானமாகத் துடைத்தாள். "வேணாங்கா. சீட்டு சொல்லிச்சின்னா நைனா ஒரு பரிகாரத்தப் பண்ணிட்டுக் கல்யாணத்த நடத்திடுவாரு. நான் சொன்னாத்தான் நிக்கும்."

அத்தை வந்தார்

சில நாள் கழித்து, ஐம்பது வயசைத் தாண்டிய அம்மாள் ஒருவர் பார்லருக்குள் நுழைந்தார். பின்னால் கறுத்து மெலிந்த ஒருவர் வாசலோடு நின்று தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "மோகனாவோட அத்த நானு" என்றார் அந்த அம்மாள். திட்டு வாங்கத் தயாராக நான் எழுந்து நின்றேன்.

மோகனா அப்பா, அத்தை இரண்டு பேரையும் எதிரில் வைத்துக்கொண்டு நேராகச் சொல்லிவிட்டாளாம். அத்தை அப்படியே எழுந்து ஊருக்குப் போய்விட்டார். அப்பாவோ அக்கா முகத்தில் எப்படி முழிப்பது என்று போனையும் எடுக்கவில்லை, வீட்டில் சோறும் தின்னவில்லை, கரும்புத் தோட்டத்திலேயே கிடந்திருக்கிறார். கடைசியில் அக்காவே மணவூரிலிருந்து வந்து, கரும்புக்குள் புகுந்து தம்பியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நேரே என் கடைக்கு வந்துவிட்டார்.

மண்டபத்தை ரத்து செய்யப்போவதில்லை, கல்யாணம் இல்லாவிட்டாலும் சாப்பாடு உண்டு என்று எல்லாருக்கும் சொல்லிவிட்டாராம். "எதுக்குக்கா இதெல்லாம், நாலு பேரு இன்னா பேசுவாங்க?" என்று தம்பி முனகினார். "அந்த நாலு பேரத்தான்டா மொதல்ல கூப்புட்டுக்கீறேன்" என்றார் அக்கா. பையன் என்ன சொல்கிறான் என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். "மொறச்சிக்கினு கீறான். அவனுக்கு வேற பொண்ணு கெடைக்கும். எனக்கு வேற தம்பி எங்கம்மா கெடைப்பான்?"

வாசலில் நின்றவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். எனக்கும் கண் கலங்கிவிட்டது. அந்த அம்மாளின் காலில் விழலாமா என்றுகூடத் தோன்றியது. அவரோ கண்ணாடிக்கு முன் இருந்த நாற்காலியில் உட்கார்ந்து, முகத்தை அப்படியும் இப்படியும் திருப்பி வீங்கிய இமைகளைப் பார்த்தார்.

"பொண்ணுக்குன்னு வெச்சிருந்த மேக்கப்ப அன்னிக்கு எனக்குப் போட்டு வுடும்மா. ஊரே பாக்க தம்பி பக்கத்துல உக்காந்து சாப்டப் போறேன், அழுத மூஞ்சியோடயா உக்கார்றது?"

திடீர் மாற்றம் பற்றி நான் கற்ற பாடமெல்லாம் இடி விழுவதோடு நின்றுவிடுகிறது, அதற்குப் பிறகு இலை போட்டுப் பரிமாறுகிற பகுதியை மட்டும் இவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, ஏதோ நானே கண்டுபிடித்த மாதிரி அடுத்து வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.