மணலில் உடையாத தேசிக்காய்

என் கையெழுத்தைப் பார்த்து யாரும் முகம் சுளிக்க வேண்டாம். கோப்பை கழுவிக் கழுவி விரல்கள் விறைத்துப்போய்விட்டன. பேனா நான் நினைத்த பக்கம் போவதில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனவன் நான். எழுத்துப் பிழைகள் நிறைய இருக்கும். தெரிந்தவர்கள் திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள்.

பாரிசின் லாச்சப்பலில் நான் வேலை செய்யும் சாப்பாட்டுக் கடையிலிருந்து ஒரு கூட்டம் அடுத்த மாதம் துபாய்க்குச் சுற்றுலா போகிறது. பாலைவனத்துக்குக் கூட்டிப் போகிற அன்று என்ன நடக்கும், எதைக் கொண்டு போக வேண்டும் என்று என்னைக் கேட்டார்கள். முன்பு போனவர்களில் இன்னும் கடையில் இருப்பது நான் ஒருவன்தான். நாலு பேருக்கு முன்னால் வாய் திறந்து சொல்ல எனக்கு வராது. எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். எழுத உட்கார்ந்தால் ஒட்டகம் வரவில்லை, மணல் வரவில்லை. மேசையில் எனக்கு முன்னால் இருக்கும் இந்தத் தேசிக்காய்தான் வருகிறது. பச்சை எலுமிச்சையாக இருந்தது காய்ந்து கறுத்து, பாக்கு அளவுக்குச் சுருங்கிவிட்டது. காதுக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டினால் உள்ளே விதை கிலுகிலுக்கும். இது அன்ரியின் தேசிக்காய்.

அன்ரி என்றால் எங்கள் கடை முதலாளியின் மனைவி. முதலாளி இறந்த பிறகு கடையை நடத்தியவர். வேலைக்காரர், வாடிக்கையாளர், ரூ காய் தெருவில் மரக்கறி இறக்க வரும் ஆட்கள் எல்லோருக்கும் அவர் அன்ரிதான். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கடைச் சாமான் ஏற்றும் வானின் நாலு சில்லுக்கும் அடியில் தேசிக்காய் வைப்பார். வான் ஏறி அவை உடைகிற சத்தம் கேட்ட பிறகுதான், "உடைஞ்சிட்டுது, இனி ஏறுங்கோ" என்பார். அதுவரை யாரும் வானில் கால் வைக்கக் கூடாது. தெருவில் அந்த வாசம் கொஞ்ச நேரம் நிற்கும். பக்கத்துக் கடைக்காரர் சிரிப்பார்கள். எனக்கு மட்டும் ஒருமுறை, பாத்திரம் துடைத்துக்கொண்டு நின்றபோது, காரணத்தைச் சொன்னார். முதலாளி வானுக்குள்ளேயே நெஞ்சு வலித்து இறந்த அன்று வெள்ளிக்கிழமை. அன்று கடையில் சனம் கூடிவிட்டதால் தேசிக்காய் வைக்க மறந்துவிட்டாராம். அதைச் சொல்லிவிட்டு, "உந்தச் சட்டியை இன்னொருக்கால் கழுவும், அடி பிடிச்சிருக்கு" என்று போய்விட்டார்.

2013 மாசியில், பள்ளிக்கூட விடுமுறையில், அன்ரி கடை ஆட்களையும் தெரிந்த சில குடும்பங்களையும் சேர்த்துத் துபாய்க்குக் கூட்டிப் போனார். எனக்கு நாற்பது தாண்டியிருந்தது. எங்களில் பலரிடம் இருப்பது அகதிகளுக்குக் கொடுக்கும் பயணப் புத்தகம். அதை வைத்துக்கொண்டு எங்கேயும் போகலாம், பிறந்த நாட்டுக்கு மட்டும் போக முடியாது. அதனால் பெண் பார்ப்பது, கலியாணம் பேசுவது எல்லாம் மூன்றாவது நாடு ஒன்றில்தான் நடக்கும். ஆனாலும் எனக்கு அந்த யோசனை வரவில்லை. பாலைவனம் போகிற அன்று காலை, ஹோட்டலில் பாணுக்கு ஜாம் பூசிக்கொண்டிருந்தபோது அன்ரி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"தம்பி, இண்டைக்கு எங்களோடை ஒரு பிள்ளை வருகுது. என்ரை சிநேகிதியின்ரை மகள். இஞ்சை ஒரு லாண்டரியிலை வேலை. வெள்ளிக்கிழமை மட்டுந்தான் லீவு. நாங்கள் திங்கள் திரும்பிடுவம். விளங்குதோ?"

நான் தலையை ஆட்டினேன்.

"தலையை ஆட்டினால் போதாது. ஒரு வார்த்தை கதையும். ஒண்டே ஒண்டு. மிச்சத்தை நான் பாக்கிறன்."

அதற்குப் பிறகு எனக்குப் பாண் இறங்கவில்லை. போகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் விஷயமும் அதுதான்: அன்று மத்தியானம் வயிறு முட்டச் சாப்பிடாதீர்கள். நான் சாப்பிடாமல் போனதற்குக் காரணம் வேறு, ஆனால் அது நல்லதாகத்தான் முடிந்தது.

மத்தியானத்துக்குப் பிறகு பெரிய வெள்ளை ஜீப்புகள் ஹோட்டல் வாசலுக்கு வரும். ஒன்றில் ஆறு பேர். வாசலில் நிற்க விடமாட்டார்கள், அவசரமாக ஏற்றுவார்கள். அன்ரி கைப்பையில் தேசிக்காயோடு நின்றார். வைக்க நேரம் கிடைக்கவில்லை. எங்கள் ஜீப்பில் அன்ரி, நான், கடையில் பரிமாறும் அண்ணையும் அவர் மனைவியும், பிறகு வழியில் ஏறிய அந்தப் பிள்ளை. முப்பத்தைந்து வயதிருக்கும். மன்னார்ப் பக்கம். ஊதாச் சட்டை போட்டு, தலையைச் சால்வையால் மூடியிருந்தாள். எல்லோருக்கும் வணக்கம் சொன்னாள். நான் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வணக்கம் சொன்னேன். அது எனக்கே கேட்கவில்லை.

பாலைவனம் தொடங்கும் இடத்தில் எல்லா ஜீப்புகளையும் நிறுத்துவார்கள். ஏதோ பழுது என்று பயப்படாதீர்கள். மணலில் புதையாமல் ஓடுவதற்காகச் சில்லுகளில் பாதிக் காற்றை இறக்குவார்கள். உஸ் என்ற சத்தம் நாலு பக்கமும் கேட்கும். எல்லோரும் இறங்கிப் படம் எடுத்தார்கள். அன்ரி மட்டும் குனிந்து ஒவ்வொரு சில்லுக்கும் முன்னால் தேசிக்காய் வைத்தார். எங்கள் ஓட்டுநர் மலையாளி. தமிழ்ப் படம் பார்த்துத் தமிழ் பழகியவர். "அம்மா, இது எதுக்கு?" என்றார். "நீர் கொஞ்சம் முன்னுக்கு எடும், பேந்து சொல்லுறன்" என்றார் அன்ரி.

ஜீப் முன்னுக்குப் போனது. சத்தம் எதுவும் வரவில்லை. அன்ரி சில்லுத் தடத்தில் குனிந்து கையால் கிண்டினார். நாலு தேசிக்காயும் மணலுக்குள் முழுசாக இருந்தன. ஒன்றில்கூடக் கீறல் இல்லை. அவர் முகத்தில் இருந்த வெயில் போய்விட்டது.

"பொட்டாது அம்மா. சாஃப்ட் மணல் அல்லே. டயரில் காத்தும் இல்ல" என்றார் ஓட்டுநர்.

அன்ரிக்கு அது காதில் ஏறவில்லை. "இண்டைக்கு வேண்டாம்," என்றார். "நான் வரேல்லை. நீங்களும் போகாதேங்கோ. திருப்பிக்கொண்டு போய் விடச் சொல்லுங்கோ." மற்ற ஜீப்புகள் ஒவ்வொன்றாக மணலில் ஏறிப் போய்விட்டன. பரிமாறும் அண்ணை, "அன்ரி, வந்த தூரத்துக்கு..." என்று தொடங்கினார். அன்ரி பார்த்த பார்வையில் நிறுத்திவிட்டார். அன்ரி ஏன் பயந்தார் என்று அங்கே நின்றவர்களில் எனக்கு மட்டும்தான் தெரியும். திரும்பினால் அந்தப் பிள்ளை இறங்கிப் போய்விடுவாள், அவளுக்கு இன்னொரு லீவு வருவதற்குள் நாங்கள் பாரிசுக்குப் போய்விடுவோம் என்பதும் தெரியும்.

அந்தப் பிள்ளை மணலில் இருந்த தேசிக்காய்களைப் பொறுக்கிச் சால்வையில் துடைத்தாள். "உடையாட்டி என்ன அன்ரி, நல்லதுதானே? ஆருக்கும் தலை சுத்தினால் கரைச்சுக் குடுக்கலாம்" என்றாள். சொல்லிவிட்டு ஏறவில்லை. என்னைப் பார்த்தாள். அன்ரியும் என்னைப் பார்த்தார்.

"தம்பி, நீர் சொல்லும். போறதோ, விடுறதோ?"

அத்தனை வருடத்தில் அன்ரி என்னிடம் ஒரு முடிவைக் கேட்டது அன்றைக்குத்தான். அன்ரி ஒன்று சொன்னால் மறுத்துப் பேசிப் பழக்கம் இல்லை. சரி என்று சொல்லவும் மனம் வரவில்லை. ஆகவே பேசாமல் போய் ஜீப்பில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். தேசிக்காய் வைத்த ஒரு வண்டியில், "இனி ஏறுங்கோ" என்று அன்ரி சொல்லாமல் நான் ஏறியது அதுதான் முதல் தடவை. பிறகு அந்தப் பிள்ளை ஏறினாள். கடைசியில் அன்ரி வந்து எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "முருகா" என்பதைத் தவிர வேறு வார்த்தை அவர் வாயில் வரவில்லை.

இனிப் போகிறவர்கள் கவனமாக வாசியுங்கள். ஜீப் மணல் திட்டியில் நேராக ஏறும், உச்சியில் நிற்பது போல நின்று ஒரு பக்கமாகச் சரிந்து விழும். யன்னலில் மணல் அள்ளி எறிந்தது போல அடிக்கும். விழுந்துவிட்டோம் என்று நினைப்பீர்கள், விழமாட்டீர்கள். இருதய வருத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அவர்களைத் தார் ரோட்டால் கூட்டிப் போவார்கள். பிளாஸ்டிக் பை ஒன்று கையில் இருக்கட்டும். என்னிடம் இருக்கவில்லை. நிறுத்தச் சொல்லவும் வெட்கம். கடைசியில் ஓட்டுநரே கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். இறங்கி ஓடி, திட்டிக்கு அந்தப் பக்கம் போக முன்னமே சத்தி எடுத்துவிட்டேன். எல்லோருக்கும் முன்னால். அவளுக்கு முன்னால். மணலைத் தோண்டி உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

அவள் வந்தாள். ஓட்டுநரின் கத்தியால் மூன்று தேசிக்காயை வெட்டித் தண்ணீர்ப் போத்தலுக்குள் பிழிந்திருந்தாள். அன்ரி தன் புட்டுப் பார்சலோடு கொண்டுவந்த உப்புச் சரையிலிருந்து கொஞ்சம் போட்டுக் குலுக்கி நீட்டினாள். குடித்தேன். அன்ரி ஜீப்புக்குள் இருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை, ஒன்றே ஒன்று என்று காலையில் சொன்னது நினைவுக்கு வந்தது.

"உப்புக் காணாது," என்றேன்.

அவள் போத்தலைத் திரும்ப வாங்கினாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "வாய் இருக்கே உங்களுக்கு! நான் ஊமை எண்டெல்லோ நினைச்சன்." அங்கிருந்தே திரும்பிக் கத்தினாள். "அன்ரி, கதைச்சிட்டார்! உப்புக் காணாதாம்!" அன்ரி ஜீப்புக்குள் தலையை இழுத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ சிரிக்கிறாரோ என்று தெரியவில்லை.

பிறகு முகாமுக்குக் கூட்டிப் போவார்கள். நிலத்தில் கம்பளம் விரித்து, குட்டையான மேசைகள் போட்டிருக்கும். பேரீச்சம்பழமும் தேத்தண்ணியும் தருவார்கள். ஒட்டகத்தில் ஏற்றி ஒரு சின்னச் சுற்றுச் சுற்றி இறக்குவார்கள். அது எழும்பும்போது பின்னுக்குச் சாயுங்கள். மருதாணி போடுவார்கள். வெள்ளிக்கிழமை மரக்கறி சாப்பிடுகிறவர்களுக்குச் சோறும் பருப்பும் சலாட்டும் கிடைக்கும். அன்ரி நம்பாமல் புட்டுத்தான் சாப்பிட்டார். பொழுது பட்டதும் குளிரும், சால்வையை விட்டுவிட்டுப் போகாதீர்கள். ஒரு பெண் வந்து இடுப்பை ஆட்டி ஆடுவாள். எங்கள் ஆண்கள் ஆடாமல் அசையாமல் பார்த்தார்கள். அன்ரி மட்டும், "இந்தக் குளிருக்குள்ளை அந்தப் பிள்ளைக்கு ஒரு போர்வை குடுக்கமாட்டினமோ" என்று கடைசி வரை கவலைப்பட்டார்.

எல்லாம் முடிந்து, நட்சத்திரம் பார்ப்பதற்காகக் கொஞ்ச நேரம் விளக்குகளை அணைப்பார்கள். அதுதான் அந்தப் பயணத்தில் நல்ல பகுதி. இருட்டில் எனக்குப் பக்கத்தில் அவள் குரல் கேட்டது.

"பாரிசிலை என்ன வேலை?"

இருட்டு என்பதால் எனக்குக் குரல் வந்தது. "கோப்பை கழுவுறன்."

"நான் உடுப்புத் தோய்க்கிறன். அப்ப ரெண்டு பேருக்கும் கை ஊறித்தான் இருக்கும்."

அன்ரி எனக்கு மற்றப் பக்கத்தில் இருந்தார். எதற்கும் ஒரு சொல் சொல்கிறவர், அப்போது மூச்சுக்கூட விடவில்லை. விளக்கு வந்தபோது அவர் வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார்.

மிஞ்சிய ஒரு தேசிக்காயை அன்ரி கைப்பையில் பாரிசுக்குக் கொண்டுவந்து கடையில் சாமிப் படத்துக்கு அடியில் வைத்தார். அங்கேயே காய்ந்தது. அடுத்த வருடம் திருச்சியில் எங்களுக்குக் கலியாணம் நடந்தது. விசா இழுபட்டது. அவள் வந்து இறங்கிய அன்று அன்ரி கடை வானிலேயே விமான நிலையத்துக்கு வந்து, தேசிக்காயை என் மனைவியின் கையில் கொடுத்தார். "உடையாததும் நல்லதுக்குத்தான் பிள்ளை" என்றார். ஆனாலும் வெள்ளிக்கிழமைகளில் வானுக்கு வைப்பதை அவர் விடவில்லை.

இப்போது அன்ரி சென் தெனியில் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார். கடையை மகள் பார்க்கிறார். அன்ரிக்கு நினைவு விட்டு விட்டுத்தான் வருகிறது. நாங்கள் போகும்போதெல்லாம் என் கையைப் பிடித்து, "தம்பி, இன்னும் தனியத்தானே இருக்கிறீர்? நான் ஒரு பிள்ளை பாத்து வைச்சிருக்கிறன்" என்பார். முதல் தடவை கேட்டபோது நான் என் மனைவியைத் திரும்பிப் பார்த்தேன். என் மனைவிதான் குனிந்து, "நல்ல பொடியனோ அன்ரி?" என்று கேட்டாள். "தங்கம். வாய் மட்டுந்தான் திறக்காது." "அதை நான் பாத்துக்கொள்ளுறன் அன்ரி" என்றாள் இவள். இப்போது ஒவ்வொரு முறையும் இந்தக் கலியாணப் பேச்சு நடக்கிறது. ஒவ்வொரு முறையும் சம்மதத்தில் முற்றாகிறது.

போன மாதம் பழைய கார் ஒன்று வாங்கினோம். இன்று காலை அன்ரியை எங்கள் வீட்டுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூட்டி வரப் போனோம். இல்லத்துக்கு முன்னால், தார் போட்ட வாகனத் தரிப்பிடத்தில், என் மனைவி நாலு சில்லுக்கும் தேசிக்காய் வைத்தாள். நான் இந்தக் காய்ந்த தேசிக்காயை அன்ரியின் கையில் வைத்து, "நினைவிருக்கோ அன்ரி?" என்றேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார், மணந்து பார்த்தார். "இதென்ன, காய்ஞ்சுபோச்சு. எறியும்" என்றார். நான் அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு காரை மெதுவாக முன்னுக்கு எடுத்தேன். நாலும் உடைந்தன. யன்னல் மூடியிருந்தும் எனக்குக் கேட்டது. இறங்கி வந்தேன். அந்த வாசம் எழும்பியது.

அன்ரி மூக்கை உயர்த்தினார். முதுகு நிமிர்ந்தது. எங்கள் இருவரையும், கடை வாசலில் நின்று பார்ப்பது போல, மாறி மாறிப் பார்த்தார்.

"உடைஞ்சிட்டுது," என்றார். "என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள்? இனி ஏறுங்கோ."

நாங்கள் ஏறினோம்.

லெ பிளாங்-மெனில்,
20 ஐப்பசி 2019, ஞாயிற்றுக்கிழமை.