கையில் வைத்த சங்கு

இடஒதுக்கீட்டுப் போராட்டத்தில் சாலையெங்கும் மரங்களை வெட்டிப் போட்டிருந்த வருடம் எங்கள் கல்யாணம். கள்ளக்குறிச்சியில் மறுபடி பஸ் ஓடத் தொடங்கியதும் ராமேஸ்வரம் தீவுக்குப் போனோம். அன்றுதான் முதன்முதலாகக் கடலைப் பார்த்தேன்.

கரையோரத் தண்ணீரில் கிடந்த புள்ளிச் சங்கை எடுத்து என் கையில் வைத்தார் கணவர். "இன்னா அழகா இருக்குது பாரு. வூட்டுக்கு எடுத்துனு போலாம்."

வலை உலர்த்திக்கொண்டிருந்த மீனவப் பெண் ஓடிவந்தார். "கீழ போடு தாயி. உள்ள உசுரோட இருக்கு. கொட்டுச்சுன்னா ஆளையே கொன்னுபுடும்."

பதறிப் போட்டேன். ரயில் ஏறும்வரை கணவர் என் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வலிக்குதா?"

"இல்லீங்க."

"நான்தான குடுத்தேன்" என்றவருக்குக் கண் கலங்கிவிட்டது.

இப்போது எந்தக் கடற்கரைக்குப் போனாலும் சங்கு, பவளம் எதையும் நாங்கள் தொடுவதில்லை. கால் நனைத்துவிட்டு, வெறுங்கையோடு திரும்புகிறோம்.