பீடோர்க்காரனும் ஐயாயிரம் அட்டைகளும்

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. ஆனால் மலேசியாவின் ஈப்போ ஊரில் லாரி, பஸ் உதிரி சாமான் என்றால் முதலில் என் கடையைத்தான் கைகாட்டுவார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். செமோர் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து வந்து, ஒர்க்‌ஷாப்பில் டயர் கழற்றியே இந்த இரண்டு மாடிக் கடையைப் பிடித்தேன்.

கடையில் ஐயாயிரத்துச் சொச்சம் அட்டைகள் இருக்கின்றன. ஒரு சாமானுக்கு ஓர் அட்டை, எல்லாம் என் கையெழுத்து. சாமான்களின் இங்கிலீஷ் பெயரை எழுத வராது என்பதால் நானே பெயர் வைத்தேன். அகலத் தகடு யானைக்காது. முடுக்கினால் லேசில் கழலாத நட்டு மாமியார். அட்டையை எடுக்காமலே எந்தச் சாமான் எந்தத் தட்டில் இருக்கிறது என்று சொல்லிவிடுவேன்.

போன வருஷம் என் பெரிய வாடிக்கையான பஸ் கம்பெனிக்குப் புது மேனேஜர் ஒரு பெண் வந்தார். வந்ததும் போன் போட்டார்.

“அண்ணே, உங்ககிட்ட இருக்கிற சாமான் எல்லாம் சரியான பேரோட கம்ப்யூட்டர் லிஸ்ட்டா வேணும். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள்ள வரலைன்னா வேற கடை பாக்கணும் லா. மேல இருந்து உத்தரவு.”

முப்பது வருஷ வாடிக்கை. கடையில் பாதி வியாபாரம் அந்தப் பஸ்களை நம்பித்தான் ஓடுகிறது. வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என் மகளிடம் போனேன்.

“கையால அடிச்சா மூணு மாசம் ஆகும்ப்பா. அட்டைய எல்லாம் படம் புடிச்சு ஏஐகிட்ட கேப்போம்” என்றாள்.

“ஒண்ணொண்ணா கேக்கவா?”

“இல்ல. ஒரு அட்டைக்கு ஒரு கேள்வி, கேள்விக்கு ஒரு நம்பர். எல்லாத்தையும் ஒரே கட்டா கட்டி அனுப்பிடணும். அவங்க நேரம் கெடைக்கிறப்ப செஞ்சு ஒரு நாளைக்குள்ள திருப்பித் தருவாங்க. அவசரம் இல்லாத வேலைன்னு கூலியும் பாதிதான்.”

எனக்கு ஆர்வம் தாங்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் எழுதியது ரஸ்ட் என்ற கம்ப்யூட்டர் மொழியில்.

“துருவா? இரும்புச் சாமான் கடைக்குள்ள துருவையா கொண்டு வார?”

“பேருதான்ப்பா அப்படி. ரொம்ப கண்டிப்பான மொழி. ஒரு சாமான ரெண்டு பேரு ஒரே நேரத்துல புடிச்சு மாத்தப் போனா, ஓட விடாம முன்னாடியே தடுத்துடும்.”

எஸ்டேட்டில் வேலைக்காரர்களை மேய்க்கும் கங்காணி மாதிரி என்று புரிந்துகொண்டேன். திரையில் சிவப்புச் சிவப்பாகத் திட்டு விழுந்துகொண்டே இருந்தது. என் மகளை இப்படித் திட்ட நானே துணிந்ததில்லை.

முதலில் ஐம்பது அட்டையை மட்டும் அனுப்பிப் பார்த்தோம். யானைக்காதுக்கு வந்த பதில், ஒரு விலங்கின் உறுப்பு. மாமியாருக்கு வந்த பதில், திருமண வழி உறவினர், வாகன உதிரி பாகம் அல்ல. மகள் மேசையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தாள்.

“சரி, மாமியார்னா நட்டுன்னு ஒரு தடவை சொல்லிக் குடு. மத்த அட்டைக்கும் ஞாபகம் வச்சுக்கும்ல?”

“வச்சுக்காதுப்பா. ஒவ்வொரு கேள்வியும் தனித்தனி அறையில உக்காந்து பரிச்சை எழுதுற மாதிரி. பக்கத்து அறையில என்ன நடக்குதுன்னு தெரியாது.”

அதனால் நான் வைத்த பெயர்களில் நினைவுக்கு வந்ததற்கெல்லாம் அர்த்தம் சொல்லச் சொல்ல, அவள் ஒரு பட்டியல் எழுதினாள். மூன்று சாயங்காலம் ஆனது. அந்தப் பட்டியலை ஐயாயிரம் கேள்வியோடும் தனித்தனியாகச் சேர்த்தாள். கடைசியில் ஒரு வரியும் போட்டாள்: தெரியாவிட்டால் தெரியாது என்று சொல், ஊகிக்காதே. ‘தெரியாது’ என்பது வாடிக்கைக்காரரிடம் நான் ஒருநாளும் சொல்லாத வார்த்தை.

புதன்கிழமை அனுப்பிய கட்டு வியாழக்கிழமை காலையில் திரும்பி வந்தது. முன்னே போனது பின்னே, பின்னே போனது முன்னே என்று கலைந்து கிடந்தது. அவள் புரோகிராம் நம்பரைப் பார்த்து அதனதன் அட்டையோடு சேர்த்துவிட்டது. அறுபத்து மூன்றுக்கு மட்டும் தெரியாது என்று பதில்.

“வாசி, சொல்றேன்” என்றேன். அவள் வாசிக்க வாசிக்க மடமடவென்று சொன்னேன்.

“பீடோர்க்காரன்?”

பீடோரிலிருந்து எவனோ ஒருவன் வந்து முதன்முதலில் கேட்ட சாமான். ஊர்ப் பெயரையே வைத்துவிட்டேன். என்ன சாமான்?

“பிரேக் சிலிண்டர் கிட்” என்றேன். குரல் கொஞ்சமும் ஆடவில்லை. அவளும் அடித்துவிட்டாள்.

மதியம் சாப்பிட உட்கார்ந்ததும் பிரேக் நினைப்புதான் வந்தது. அந்தப் பஸ்கள் கேமரன் மலைக்கு ஏறி இறங்குகிறவை. சாப்பாட்டை மூடிவிட்டு ஏணியைப் போட்டு மேல் தட்டுக்கு ஏறினேன். டப்பாவைத் திறந்தால் அது கிளட்ச் சாமான்.

இறங்கி வந்து மகளிடம் சொன்னேன். “மத்த அறுபத்து ரெண்டு?” என்று கேட்டாள். இரண்டு பேரும் சாயங்காலம் வரை டப்பா டப்பாவாகத் திறந்தோம். இன்னும் ஏழு தப்பாக இருந்தது. நான்கு சாமான் என்னவென்று, கையில் வைத்துப் புரட்டியும் எனக்குத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் லிஸ்ட்டையும் பெயர் தெரியாத அந்த நான்கு சாமானையும் நானே எடுத்துக்கொண்டு போனேன். மேனேஜர் பக்கம் பக்கமாகத் தள்ளிப் பார்த்துவிட்டுக் கடைசியில் நிறுத்தினார்.

“இது என்ன அண்ணே, நாலு எடத்துல தெரியாதுன்னு போட்டிருக்கு? கம்ப்யூட்டருக்குத் தெரியலையா?”

“எனக்குத் தெரியலம்மா” என்றேன். சொல்லி முடிப்பதற்குள் காது சூடாகிவிட்டது.

அவர் பட்டறை மேஸ்திரியைக் கூப்பிட்டார். அந்த மனுஷன் நான்கையும் கையில் வாங்கி, இரண்டுக்குப் பெயர் சொன்னார். மற்ற இரண்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“ரெண்டையும் லிஸ்ட்டுல இருந்து எடுத்துடலாம் அண்ணே” என்றார் மேனேஜர். “மிச்சத்துக்கு இந்த மாச ஆர்டர் உங்களுக்குத்தான். மலை ஏறுற பஸ்ஸு, பிரேக் சாமான் மட்டும் ஒவ்வொண்ணா பாத்துதான் எடுப்போம்.”

“தாராளமா பாருங்க” என்றேன்.