வேர்த்து விழித்த மாதங்கள்

மகளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மோட்டார் சைக்கிள் ஓடும்போது நான் கண் அயர்ந்தேன். அப்போது எனக்கு ஐம்பது வயதாக இரண்டு மாதம் இருந்தது.

அவளுக்குப் பதினாறு. மல்லாவியில் அவளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு, நான் படிப்பிக்கிற முன்பள்ளிக்குப் போவேன். வாய்க்கால் ஓரத்து றோட்டுத்தான் எங்கள் வழி. அன்றைக்கும் அவள் எதையோ கதைத்துக்கொண்டு வந்தாள். அவளுடைய குரல் தள்ளித் தள்ளிப் போனது. பிறகு "அம்மா!" என்று ஒரு கூச்சல். கண் திறந்தபோது முன்சில்லு றோட்டை விட்டு ஓரத்துக் கிரவல் கல்லில் இறங்கியிருந்தது. பிரேக்கைப் பிடித்தேன். இரண்டு பேரும் வாய்க்கால் கரையில் விழுந்தோம்.

அவளுடைய முழங்கைத் தோல் உரிந்து வெள்ளைச் சட்டையில் ரத்தம். அவள் அழவில்லை. என் முகத்தையே பார்த்தாள்.

"நித்திரையே கொண்டனீங்கள்?"

"இல்லையம்மா, கிரவல் சறுக்கினது."

பொய் சொன்னேன். நான்கு மாதமாக எல்லாருக்கும் பொய்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒவ்வொரு இரவும் இரண்டு மூன்று தரம் நெஞ்சுக்குள்ளிருந்து ஒரு சூடு கிளம்பும். கழுத்து, முகம், தலை எல்லாம் எரியும். அடுத்த நிமிடம் உடுப்பைப் பிழியலாம். பிறகு குளிரும். விடியும்வரை ஈரத் தலையணையில் விழித்துக் கிடப்பேன். மாதவிடாய் ஒழுங்கு தவறி நின்றுகொண்டு வந்தது. அது நிற்கிற வயது என்றும் தெரியும். ஆனால் வேர்வையை அதோடு சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. இடம்பெயர்ந்திருந்த காலத்தில் என் சித்தப்பாவுக்குக் காசநோய் வந்தபோது, அவருக்கும் இரவில் இப்படித்தான் வேர்த்தது. அவர் தப்பவில்லை. அதனால் நான் இருமினால்கூட, வெளியே போய் இருமினேன்.

அன்று பின்னேரம் வயலால் வந்த கணவருக்கு மகள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். இரவு வேர்வையை நானும் சொல்ல வேண்டிவந்தது. அவர் சத்தம் போடவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னா என்ன செய்திருப்பியள்?"

"பிள்ளையைக் கொண்டுபோய் விழுத்தாமலாவது இருந்திருப்பீர்."

அடுத்த நாள் வவுனியாவுக்குப் பஸ் ஏறினோம். ஆஸ்பத்திரியில் பெண் டொக்டர் ஒருவர் கேட்டார்: "இருமல் இருக்கோ? காய்ச்சல்? உடம்பு மெலிஞ்சதோ?" ஒவ்வொன்றுக்கும் "இல்லை" என்று சொல்லும்போது நான் சொல்வது சரிதானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. நெஞ்சுப் படம் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். ஒரு கிழமை பொறுக்கச் சொன்னார்கள்.

அந்தக் கிழமைதான் பெரிய பாடு. மகள் என்னோடு ஏற மறுத்தாள். "நான் பஸ்ஸிலை போறன்" என்று மட்டும் சொன்னாள். நான் என் சாப்பாட்டுக் கோப்பையைத் தனியாகக் கழுவி வைத்தேன்.

முடிவு வந்தபோது நெஞ்சில் ஒன்றுமில்லை. சீனி, தைரோயிட் இரண்டும் சரி. "இது மாதவிடாய் நிற்கிற காலத்து வேர்வை" என்றார் டொக்டர். "வேர்வை உடனே நிக்காது. ஆனா சில பழக்கங்களை மாத்தினா நித்திரையைத் திருப்பி எடுக்கலாம். அதிலையும் சரிவராட்டி வாங்கோ, மருந்து இருக்கு." நான் அவருடைய மேசைக்கு முன்னாலேயே அழுதுவிட்டேன்.

வீட்டில் ஜன்னலால் சண்டை வந்தது. படுக்கிற அறைக்குள் காற்று வேண்டும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். கணவருக்கோ, நுளம்பு கடிக்குமென்று எல்லாவற்றையும் பூட்டினால்தான் கண் மூடும். இரண்டு இரவு நான் கோபத்தில் முன்னறையில் பாய் போட்டேன். மூன்றாம் நாள் அவர் கடைக்குப் போய் நுளம்பு வலை வாங்கிவந்து, ஜன்னல் கம்பிகளுக்கு மேல் அடித்தார். "இனித் திறவும்" என்றார். அவ்வளவுதான்.

வழுவழுப்பான இரவு உடுப்பை விட்டுப் பழைய பருத்திச் சட்டைக்கு மாறினேன். மாற்று உடுப்பும் துவாயும் கட்டிலருகில் இருக்கும். மத்தியானத்துக்குப் பிறகு தேத்தண்ணி இல்லை. உறைப்புக் கறி இரவில் இல்லை. தேத்தண்ணியை விட்டதுதான் கஷ்டம். விழித்தால் கைபேசியில் நேரம் பார்ப்பதையும் விட்டேன். எத்தனை மணித்தியாலம் மிச்சம் என்று எண்ணத் தொடங்கினால், வந்த நித்திரையும் போய்விடும்.

ஒரு மாதத்துக்குப் பிறகு, அன்று நான் நித்திரையாகித்தான் விழுந்தோம் என்ற உண்மையை மகளிடம் சொன்னேன். "தெரியும்" என்றாள். அடுத்த நாள் காலை, மோட்டார் சைக்கிளில் ஏற முதல் கேட்டாள்:

"ராத்திரி நித்திரை கொண்டனீங்களோ?"

"ஓம். நாலு மணித்தியாலம், ஒரேயடியா."

கொஞ்சம் யோசித்துவிட்டு ஏறினாள். என் இடுப்பை மட்டும் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

வேர்வை இன்னும் வருகிறது. போன கிழமையும் எழும்பி உடுப்பு மாற்றினேன். கணவர் இருட்டுக்குள் கேட்டார்: "என்ன, தண்ணி தரட்டே?"

"வேண்டாம், படுங்கோ."

அவருக்கு முதல் நான் நித்திரையாகிவிட்டேனாம். காலையில் அவர்தான் சொன்னார்.