நீலப் புள்ளியைத் தேடி

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு சித்திரை மாதம். திருவண்ணாமலை செங்கம் சாலையில் எங்கள் மாடி அறையைக் காலி செய்த வெளிநாட்டுக்காரர், அலமாரியில் ஒரு பழைய வரைபடத்தை மறந்துவிட்டுப் போயிருந்தார். பழுப்புத் தாள், கைரேகை போல நெருக்கமான உயரக் கோடுகள், நடுவே ஒரு மலை. பெயர் இருந்த மூலை கிழிந்திருந்தது. எங்கள் ஊர்க்காரனுக்கு மலை என்றால் ஒன்றுதான், நானும் சந்தேகப்படவில்லை. மலைக்குப் பின்புறம் ஒரு நீலப் புள்ளி. ஊற்று!

நாலு புத்தகம் படித்த மிதப்பில், மறுநாள் காலையே மச்சானை இழுத்துக்கொண்டு, மலைக்குப் பின்னாலிருக்கும் அடி அண்ணாமலைப் பக்கம் புதர்க்காட்டுக்குள் நுழைந்தேன். ஊற்றுதான் இருக்கிறதே என்று ஒரே ஒரு தண்ணீர் பாட்டில்.

“இதுல கோயிலயே காணோமே மாமா?” என்றான்.

“மடிப்புல தேஞ்சி போயிருக்கும்.”

ஒன்பது கோபுரமும் ஒரு மடிப்பில் தேயும் என்று எப்படி நம்பினேன் என்பது இன்றுவரை எனக்கே விளங்கவில்லை.

வெயில் ஏறுவதற்குள் தாளை நான்கு பக்கமும் திருப்பியாயிற்று. பள்ளம் இருக்க வேண்டிய இடத்தில் பாறை, பாறை இருக்க வேண்டிய இடத்தில் முள். மலைதான் இடம் மாறிவிட்டதோ என்றுகூடக் குழம்பினேன். தண்ணீர் தீர்ந்தது. சர்க்கரை நோயாளியான மச்சான் வியர்த்துக் கொட்டி, கை நடுங்க உட்கார்ந்துவிட்டான். காலையில் அவனைச் சாப்பிடக்கூட விடாமல் கிளப்பியதில் சர்க்கரை இறங்கிவிட்டது என்று அப்போதுதான் உறைத்தது. எழுந்திருப்பானா என்ற பயத்தில், ஆள் யாராவது தென்படுகிறார்களா என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தேன்.

ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஒரு பெண், என் வயதுதான் இருக்கும், எதுவும் கேட்காமல் தன் வெல்லக்கட்டியை அவன் வாயில் போட்டு, தூக்குவாளிக் கூழையும் குடிக்க வைத்தார். அரை மணியில் அவனுக்கு முகம் தெளிந்தது. அப்புறம்தான் என் கையிலிருந்ததைப் பார்த்தார்.

“இன்னாங்க இது?”

“நம்ம மலைதாம்மா.”

“ஒரு மரங்கூட இல்லியே. எந்த ஊரு மலையோ, பாவம். மலை இங்க நிக்குது, நீங்க பேப்பரப் பாத்துக்கினு இருக்கீங்க.” சிரித்துவிட்டார். “கீழ எறங்கி, மலைய வலது கைப்பக்கம் வெச்சிக்கினு நடங்க. பௌர்ணமிக்குச் சுத்தறப்ப அப்படித்தான நடப்பீங்க? ரோடு வந்துடும்.”

வந்தது.

பிறகு வெளிநாட்டுக்காரருக்கு போன் செய்தேன். அது ஏதோ ஒரு பாலைவன தேசத்து மலையாம். நீலப் புள்ளி, அவருடைய பேனாவிலிருந்து கசிந்த மை.

இப்போதும் ‘எனக்குத் தெரியும்’ என்று வாயெடுக்கும்போதெல்லாம் மச்சானின் நடுங்கிய கை கண்முன் வருகிறது; பாதி நேரமாவது வாயை மூடிக்கொள்கிறேன்.